வீட்டைத் தொலைவில் துரத்திவிட்டுப் புகையைப் பழிப்பதோ?

வெயில் ஆண்டுக்கு ஆண்டு கடுமை மிகுகின்றது; மழை பருவந் தப்புகின்றது. நிறைந்திருக்க வேண்டிய திங்களில் கண்மாய்கள் வறண்டு கிடப்பதும், எதிர்பாரா ஒரு நாள் மழையில் உடைப்பெடுத்து ஓடுவதும் இயல்பாகிவிட்டன. நிலக்கரியையும் கல்லெண்ணெயையும் எரித்து மாந்தன் வானில் ஏற்றிவரும் கரிவளியே இம் மாற்றத்தின் தலையாய கரணியம் என்பதில் அறிவியலாரிடையே இன்று கருத்து வேறுபாடில்லை. இதன்பொருட்டு மக்களுக்கு வழங்கப்பெறும் அறிவுரைகளுக்கும் குறைவில்லை. ‘ஊர்திகளைக் குறையுங்கள், பேருந்தில் செல்லுங்கள், கூடுமானால் மிதிவண்டியில் செல்லுங்கள்’ என்கின்றனர். நல்ல அறிவுரைகளே! ஆயின், முப்பது கிலோமீட்டர் தொலைவிலுள்ள வேலைக்குக் காலை எட்டு மணிக்குள் போய்ச் சேரவேண்டிய ஓர் ஏழைத் தொழிலாளியிடம் ‘மிதிவண்டியில் செல்’ என்பது அறிவுரையன்று, எள்ளல்!

அவன் ஏன் ஊர்தி ஓட்டுகின்றான் என்று எவரும் கேட்பதில்லை. அவன் வீடும் அவன் வேலையும் பிரிந்து கிடக்கின்றன, ஆதலின் ஓட்டுகின்றான். பிரித்தவன் அவன் அல்லன். வேலை இருக்குமிடத்தில் அவன் கூலிக்கு ஒத்த வீடு இல்லை. வீடு கிடைக்குமிடத்தில் வேலை இல்லை. இவ் விரண்டிற்கும் இடையிலுள்ள தொலைவை அவன் தன் கூலியால், தன் உறக்கத்தால், சில வேளைகளில் தன் உயிராலும் ஈடுசெய்கின்றான். அத் தொலைவிலிருந்து எழுவதே நாம் பழிக்கும் புகை. எனவே, ஏழைக்கு ஏற்ற விலையில் வேலைக்கு அண்மையில் வீடு என்பது இரக்கத்தின் பாற்பட்ட செய்தி மட்டுமன்று. புகையைக் குறைக்கும் வழிகளுள் முதன்மையானதும் அதுவே. வீட்டைத் தொலைவில் துரத்திவிட்டுப் புகையைப் பழிப்பது, வேரில் வெந்நீர் ஊற்றிவிட்டு இலை வாடியதென்று வருந்துவதை ஒக்கும்.

காரியாபட்டியை எடுத்துக்கொள்வோம். விருதுநகர் மாவட்டத்தில், மதுரைக்குத் தெற்கே ஏறத்தாழ முப்பது கிலோமீட்டர் தொலைவில், தூத்துக்குடி நெடுஞ்சாலையை ஒட்டி அமைந்த பேரூர் அது; ஒரு வட்டத்தின் தலைமையிடம். பழைய முகவை மாவட்டம் 1985-இல் பிரிக்கப்பெற்றபோது புதிய மாவட்டத்தோடு சேர்ந்தது. சுற்றிலும் வானம் பார்த்த நிலம். பருத்தியும் சோளமும் மல்லிகையும் விளையும் மண். குண்டாற்றில் நீர் வரும் நாள்களோ விரல்விட்டு எண்ணத்தக்கவை. உழவு ஒரு குடும்பத்தை ஆண்டு முழுதும் தாங்காதபோது, இளைஞர் வெளியூரை நோக்குகின்றனர். தெற்கே அருப்புக்கோட்டையின் ஆலைகள். தென்மேற்கே சிவகாசி, சாத்தூர்ப் பக்கத்து வெடித்தொழில். வடக்கே மதுரையின் கடைகள், மருத்துவமனைகள், கட்டடப் பணிகள். மாவட்டத் தலைநகர் விருதுநகரே எனினும், காரியாபட்டியின் முகம் மதுரையை நோக்கியே இருக்கின்றது.

மதுரைக்கு ஈருருளியில் நாள்தோறும் சென்று மீளும் ஒருவரின் கணக்கைச் சற்றுப் பொறுமையுடன் பார்ப்போம். போக முப்பது, வர முப்பது, ஆக அறுபது கிலோமீட்டர். கன்னெய் என்று நாம் வழங்கும் பெட்ரோல், லிட்டருக்கு ஐம்பது கிலோமீட்டர் தருவதாகக் கொண்டால், நாளொன்றுக்கு 1.2 லிட்டர் செலவாகும். ஆண்டில் 300 வேலைநாள் எனில் 360 லிட்டர். லிட்டர் விலை நூறு உருபா எனக் கொள்ளின் ஆண்டுக்கு 36,000 உருபா. திங்களுக்கு 3,000 உருபா. திங்கட்கூலி 15,000 உருபா பெறும் ஒருவர்க்கு இஃது ஐந்தில் ஒரு பங்கு! வண்டி வாங்கிய கடனின் தவணையும் பழுதுபார்க்கும் செலவும் இதற்கு மேல்.

இனிப் புகையின் கணக்கு. ஒரு லிட்டர் கன்னெய் ஏறத்தாழ முக்கால் கிலோ எடையுள்ளது. அஃது எரியும்போது அதிலுள்ள கரி, காற்றிலுள்ள உயிர்வளியோடு கூடுவதால், எரிந்த நெய்யைவிட எழும் வளியின் எடை மிகுதியாகி, ஏறத்தாழ 2.3 கிலோ கரிவளி உண்டாகின்றது. 360 லிட்டருக்கு 828 கிலோ. இங்ஙனம் ஆயிரவர் சென்று மீள்வராயின் ஆண்டுக்கு 828 டன். அந்த ஒருவர்க்கே வேலையிடத்திலிருந்து மூன்று கிலோமீட்டருக்குள் ஒரு வீடு கிடைத்ததென்று வைத்துக்கொள்வோம். அவர் அதே வண்டியை ஓட்டினாலும் நாளுக்கு ஆறு கிலோமீட்டரே. புகை பத்தில் ஒரு பங்காகிவிடும். நடந்தோ மிதிவண்டியிலோ சென்றால் அதுவும் இல்லை. வண்டியின் பொறியை எவ்வளவு திருத்தினாலும் கிடைக்காத குறைப்பை, வீட்டின் இடம் ஒன்றே தந்துவிடுகின்றது. அவர்க்கு நாளொன்றுக்கு ஒன்றரை மணி நேரமும், திங்களுக்கு இரண்டாயிரத்து எழுநூறு உருபாவும் மிச்சம். ஊருக்கும் நன்மை, அவர்க்கும் நன்மை. இழப்பு எவர்க்கும் இல்லை.

அங்ஙனமாயின் அவர் ஏன் மதுரையிலேயே குடியிருக்கவில்லை? குடிக்கூலியைக் கேட்டுப் பார்த்தவர்க்கு மறுமொழி தெரியும். முன்பணமாகக் கேட்கும் தொகையைப் புரட்டவே ஓராண்டு உழைக்க வேண்டும். தொகையைப் புரட்டிய பின்னும், ‘நீங்கள் எந்த ஊர், எந்தத் தெரு’ என்று சுற்றிவளைத்துக் கேட்கப்பெறும் கேள்வி ஒன்று எஞ்சி நிற்கின்றது. அக் கேள்விக்குப் பொருள் ‘நீங்கள் என்ன சாதி’ என்பதே. ஒடுக்கப்பட்ட குடியிற் பிறந்த உழைப்பாளிக்கு நகரத்தின் நடுவில் வீடு கிடைக்காமற் போவதற்கு விலை மட்டுமே கரணியமன்று. சாதி துரத்திய தொலைவையும் அவர் கன்னெய் ஊற்றியே கடக்கின்றார். இத் தீங்கை ஒருவாறு உணர்ந்தே தமிழக அரசு 1998-இல் திருமங்கலத்தை அடுத்த மேலக்கோட்டையில் முதற் சமத்துவபுரத்தைத் திறந்தது. பல சாதியாரும் ஒரே தெருவில் அண்டை வீட்டாராக வாழ வழிசெய்தது. அக் கொள்கை நன்று. ஆனால் ஊருக்கு வெளியே நூறு வீடு கட்டிக் கலந்து வாழச் செய்வதோடு அது நின்றுவிடலாகாது; வேலை மிகுந்த நகரத்தின் நடுவிலேயே அக் கலப்பு நிகழ வேண்டும்.

மறுபுறம், நகரத்திற்கு வெளியே நிகழ்வது என்ன? நெடுஞ்சாலை நான்கு வழியாக அகன்றதும், அதன் இருமருங்கிலும் உழவு நிலங்களில் மனைக்கற்கள் முளைத்தன. பருத்தி விளைந்த மண்ணில் கொடிகள் பறந்தன; ‘அவென்யூ’ என்றும் ‘கார்டன்’ என்றும் ‘சிட்டி’ என்றும் வளைவுகள் எழுந்தன. பூங்காவும் இல்லை, நகரும் இல்லை. பெயர்கூட நம் மொழியில் இல்லை! ‘வானூர்தி நிலையத்திற்குப் பத்தே மணித்துளி’ என்று கூவி விற்கின்றனர். வானூர்தியில் ஒருநாளும் ஏறாத கூலித் தொழிலாளி, வாழ்நாள் சேமிப்பைக் கொடுத்து ஒன்றரை செண்டு வாங்குகின்றார். அங்கே குடிநீர் இல்லை, பள்ளி இல்லை, கடை இல்லை, பேருந்து நிற்பதில்லை. வீடு கட்டியவர் முதலில் வாங்க வேண்டியது கட்டிலன்று, வண்டி! ஒரு கைப்பிடி உப்பு வாங்கவும் பொறியை முடுக்க வேண்டும்.

ஒப்புதல் பெறாத மனைப்பிரிவுகள் எத்துணைப் பெருகின என்பதற்குச் சட்ட வரலாறே சான்று. தமிழ்நாடு நகர் ஊரமைப்புச் சட்டம் 1971-இலேயே இயற்றப்பட்டது. ஆயினும் நாற்பத்தைந்து ஆண்டுகளுக்குப் பின், 2016-இல், சென்னை உயர்வழக்குமன்றம் இடைமறித்து, ஒப்புதலற்ற மனைகளை ஆவணப்பதிவு செய்யலாகாதெனத் தடைவிதிக்க வேண்டிய நிலை வந்தது. மறு ஆண்டே, கட்டணம் பெற்றுக்கொண்டு அவற்றை முறைப்படுத்தும் விதிகளை அரசு வெளியிட்டது. வாங்கிய ஏழைகள் தெருவில் நிற்கக் கூடாதென்பது உண்மையே. ஆனால் முறைப்படுத்தும் கட்டணத்தால் நிலம் ஊருக்கு அருகில் வந்துவிடுமா? தாளில் முறைப்பட்ட மனை, மண்ணில் அதே தொலைவிலேயே கிடக்கின்றது!

இவ்வாறு ஊர் சிதறுவதற்கும் பேருந்து இல்லாமைக்கும் உள்ள தொடர்பை நம்மில் பலர் எண்ணிப் பார்ப்பதில்லை. பேருந்து ஒன்று ஒரு லிட்டர் தீசலில் ஏறத்தாழ ஐந்து கிலோமீட்டர் ஓடும். அறுபது கிலோமீட்டருக்குப் பன்னிரண்டு லிட்டர், லிட்டருக்கு 2.7 கிலோ வீதம் 32 கிலோவுக்குச் சற்று மேற்பட்ட கரிவளி. அதில் ஐம்பதின்மர் அமர்ந்து சென்றால் தலைக்கு 0.65 கிலோ. ஈருருளியில் தனியே செல்பவர்க்கோ 2.76 கிலோ. பேருந்துப் புகை நான்கில் ஒரு பங்குக்கும் குறைவு. ஆனால் ஐவர் மட்டுமே அமர்ந்து சென்றால் தலைக்கு ஆறு கிலோவைத் தாண்டி, ஈருருளியையே விஞ்சிவிடும். பேருந்தின் சிறப்பெல்லாம் அது நிறைவதில் இருக்கின்றது. அது நிறைவதோ, நிறுத்தத்தைச் சுற்றி எத்தனை வீடுகள் உள்ளன என்பதில் இருக்கின்றது. இருபது கிலோமீட்டர் நீளத்தில் இங்கு நாற்பது, அங்கு முப்பது என வீடுகள் தெறித்துக் கிடந்தால், எந்தப் போக்குவரத்துக் கழகமும் அங்கே பேருந்தை நிறைக்க முடியாது. நிறையாத பேருந்து நிறுத்தப்படும். நின்ற பேருந்துக்கு மாற்றாக மேலும் நூறு ஈருருளிகள் சாலைக்கு வரும்.

பத்து மணித்துளி நடையில் ஒருவர் எண்ணூறு மீட்டர் செல்வார். பேருந்து நிலையத்தை நடுவாக வைத்து அவ் அளவில் ஒரு வட்டம் வரைந்தால், அதனுள் ஏறத்தாழ ஐந்நூறு ஏக்கர் அடங்கும். பாதியைச் சாலைக்கும் பள்ளிக்கும் கடைக்கும் கண்மாய்க்கும் விளையாட்டிடத்திற்கும் விட்டுவிடுவோம். எஞ்சிய இருநூற்றைம்பது ஏக்கரில் ஏக்கருக்கு இருபது வீடு என்றாலும் ஐயாயிரம் வீடுகள், இருபதாயிரம் மக்கள்! இதற்கு வானளாவிய அடுக்குகள் வேண்டா. தரைவீடும் ஒருமாடியும் போதும். காரியாபட்டி போன்ற ஊர், ஓர் உழவு நிலத்தையும் விழுங்காமல், நடந்தே வாழும் ஊராக வளர இயலும் என்பதை இக் கணக்கே காட்டுகின்றது. இதைத்தான் மேலைநாட்டு ஊரமைப்பறிஞர் ‘அறிவார்ந்த வளர்ச்சி’ என்று பெயரிட்டு அண்மைக் காலத்தில் பேசுகின்றனர்.

நமக்கு இது புதிதன்று. புகார் நகரின் மருவூர்ப்பாக்கத்திற்கும் பட்டினப்பாக்கத்திற்கும் இடையே நாளங்காடி அமைந்திருந்ததைச் சிலப்பதிகாரம் கூறும். மதுரையின் நாளங்காடியையும் அல்லங்காடியையும் மதுரைக்காஞ்சி விரிக்கும். ஆடி, சித்திரை, ஆவணி, மாசி என்று திங்களின் பெயர்தாங்கி ஒன்றை ஒன்று சூழ்ந்த மதுரைத் தெருக்களில், கடையும் பட்டறையும் வீடும் கலந்தே இருந்தன. அண்மைக் காலத்திலும், மதுரா ஆலைத் தொழிலாளர்க்கெனத் திருப்பரங்குன்றத்தை அடுத்து ஆர்விபட்டி எழுந்தது. பொதிகை மலையடியில் ஆலையை ஒட்டி விக்கிரமசிங்கபுரம் வளர்ந்தது. அவற்றைக் கட்டிய வெள்ளை முதலாளியின் நோக்கம் ஊதியமே, அருளன்று. எனினும் தொழிலாளிக்கு வீடு அமைப்பது தொழிலின் ஒரு கூறு என்னும் அறிவு அவனிடம் இருந்தது. இற்றை முதலாளி வேலையை மட்டும் வைத்துக்கொண்டு, தொழிலாளியின் வீட்டையும் அவன் வரும் வழியையும் அவன் தலையிலேயே கட்டிவிட்டான்.

எல்லாத் தொழிலையும் வீட்டருகே வைத்தல் கூடாது என்பதும் மெய்யே. சிவகாசி, சாத்தூர், வெம்பக்கோட்டைப் பகுதி வெடித்தொழிற்சாலைகள் குடியிருப்பினின்று விலகியே இருக்க வேண்டும். வெடிமருந்துச் சட்டமும் அதையே வலியுறுத்துகின்றது. ஒரு பொறியில் எத்தனை உயிர்கள் கருகியுள்ளன என்பதை அம் மண் அறியும். ஆயின் அங்கே நாம் காண்பது என்ன? சிற்றூர்களிலிருந்து பெண்களும் ஆண்களும் தொழிற்சாலை அனுப்பும் பேருந்துகளிலும் சிற்றுந்துகளிலும் கூட்டமாகச் செல்கின்றனர். நெருக்கியடித்து ஏற்றும் கொடுமை உண்டு. அது களையப்பட வேண்டும். ஆனால் ஒரே ஊர்தியில் பலர் சென்று மீளும் அம் மக்களே இந் நாட்டில் மிகக் குறைந்த புகையை எழுப்புவோர். அவர்களுக்குப் புகையைப் பற்றிப் பாடம் நடத்தும் தகுதி, மகிழுந்தில் தனியே செல்லும் எவர்க்கும் இல்லை. விலகியிருக்க வேண்டிய தொழில் விலகியிருக்கட்டும். கடைக்கும் ஆலைக்கும் மருத்துவமனைக்கும் பள்ளிக்கும் அப்படி விலகியிருக்க என்ன கட்டாயம்?

தனியார் செய்யும் தவற்றைத் தடுக்க வேண்டிய அரசே அத் தவற்றைப் பேரளவில் செய்துள்ளது. குடிசை மாற்று வாரியம் 1970-இல் தோன்றியபோது, மக்கள் வாழ்ந்த இடத்திலேயே மாடிவீடு கட்டித் தருவது அதன் தலையாய பணியாக இருந்தது. சென்னைக் கடற்கரை ஓரங்களில் இன்றும் அவ் வீடுகளைக் காணலாம். ஆனால் 2000-ஆம் ஆண்டை ஒட்டி அவ் வழி மாறியது. கூவம், அடையாற்றுக் கரைகளிலிருந்து மக்கள் பெயர்க்கப்பட்டுக் கண்ணகி நகர், செம்மஞ்சேரி, பெரும்பாக்கம் எனத் தென்கோடியில் குவிக்கப்பட்டனர். கண்ணகி நகரில் மட்டும் பதினையாயிரத்திற்கு மேற்பட்ட வீடுகள்! வீடு கிடைத்தது, வேலை போயிற்று. நகரத்து வீடுகளில் பணிசெய்த பெண்கள் பேருந்துக் கட்டணத்திற்கும் நேரத்திற்கும் ஈடுகொடுக்க முடியாமல் வேலையை விட்டனர். பிள்ளைகள் பள்ளியை விட்டனர். அவ் வாரியத்தின் பெயர் 2021-இல் ‘நகர்ப்புற வாழ்விட மேம்பாட்டு வாரியம்’ என மாறியது. பெயரில் வாழ்விடம் வந்துவிட்டது. சுவர்களை மட்டும் வாழ்விடம் என்று கொள்ளாமல், வேலையும் பள்ளியும் மருத்துவமும் நடக்கும் தொலைவில் இருப்பதையே வாழ்விடம் என்று அது கொள்ளுமாயின் அப் பெயர் பொருந்தும். இப்போது சிறு நகரங்களுக்கும் அதே வகைக் கட்டடங்கள் வருகின்றன. சென்னையின் தவறு விருதுநகர் மாவட்டத்திலும் மதுரையிலும் மீண்டும் நிகழலாகாது.

நன்றாகச் செய்தோரும் உலகில் உளர். தமிழ் ஆட்சிமொழிகளுள் ஒன்றாக வீற்றிருக்கும் சிங்கப்பூரையே பாருங்கள். 1960-இல் அங்கு வீடமைப்பு வளர்ச்சிக் கழகம் தோன்றியது. இன்று அந் நாட்டுக் குடிமக்களுள் ஏறத்தாழ பத்தில் எண்மர் அரசு கட்டிய வீடுகளில் வாழ்கின்றனர். வீட்டடுக்கின் கீழேயே உணவகமும் கடையும், அருகிலேயே பள்ளி, நடக்கும் தொலைவில் பேருந்தும் 1987 முதல் தொடர்வண்டியும். 1975-இலேயே நகர நடுவில் நுழையும் மகிழுந்துகளுக்குக் கட்டணம் விதித்தனர். 1990 முதல் மகிழுந்து வாங்கவே தனி உரிமம் ஏலத்தில் எடுக்க வேண்டும். முதலில் வீடும் பேருந்தும் கொடுத்தனர். பின்னரே வண்டியைக் கட்டுப்படுத்தினர். இவ் வரிசைமுறை முகாமையானது. வீடும் பேருந்தும் கொடாமல் கன்னெய் விலையை மட்டும் ஏற்றினால் ஏழை நடப்பதில்லை. வேறு செலவைச் சுருக்குகின்றான், சோற்றைக்கூடச் சுருக்குகின்றான். ஆத்திரேலிய அறிஞர் இருவர், நியூமனும் கென்வொர்த்தியும், 1989-இல் உலகின் 32 நகரங்களை ஒப்பிட்டு ஆராய்ந்தனர். பரந்து கிடக்கும் அமெரிக்க நகரங்களில் ஒருவர் எரிக்கும் கன்னெய், செறிந்த ஐரோப்பிய நகரங்களைப்போல் நான்கு மடங்கு என்றும், ஆசிய நகரங்களைப்போல் பத்து மடங்கு என்றும் கண்டனர். அப்போது நாம் குறைவாக எரித்தது நம் ஏழ்மையால் மட்டுமன்று. நம் ஊர்களின் செறிவாலும் ஆகும். அச் செறிவைத்தான் இன்று மனைமனையாக விற்றுக்கொண்டிருக்கின்றோம்.

‘மின்னூர்திகள் வந்துவிட்டன, இனிப் புகை ஏது?’ என்பர் சிலர். மின்னூர்தி நல்லதே. ஆனால் அதற்கு ஏற்றும் மின்னாற்றலில் பெரும்பகுதி இன்னும் நிலக்கரியை எரித்தே பெறப்படுகின்றது. மேலும், மின்னூர்தி அறுபது கிலோமீட்டரை ஆறாக்காது. ஒன்றரை மணி நேரத்தைத் திருப்பித் தராது. சாலையில் நேரும் சாவையும் தடுக்காது. 2022-இல் மட்டும் தமிழ்நாட்டில் அறுபத்து நாலாயிரத்திற்கு மேற்பட்ட சாலை நேர்ச்சிகள். மாண்டோர் ஏறத்தாழ பதினெண்ணாயிரவர். நால்வழிச் சாலையில் சரக்குந்துகளுக்கு இடையே விடியலிலும் இருளிலும் ஈருருளி ஓட்டும் பிள்ளை திரும்பி வரும்வரை, காரியாபட்டியில் எத்தனை தாய்மார் வாயிலையே பார்த்திருக்கின்றனர்!

‘நம் மக்கள் சொந்த மண்ணையே விரும்புவர், அடுக்குவீட்டை விரும்பார்’ என்பது இன்னொரு தடை. சொந்த மண்ணை விரும்புவது குற்றமன்று. ஆயின் குடிக்கூலி வீட்டை அரசு கட்டாத நாட்டில், முதுமையில் துரத்தப்படுவோமோ என்னும் அச்சமே பலரைத் தொலைவிலுள்ள ஒன்றரை செண்டை நோக்கி ஓட்டுகின்றது. துரத்தப்படாத உரிமையும் கூலிக்கு ஒத்த குடிக்கூலியும் உறுதியாகுமாயின், வேலைக்கருகிலுள்ள இரண்டறை வீட்டை வேண்டாவென்போர் எத்தனைபேர் இருப்பர்?

‘நகரத்தில் நிலவிலை மிகுதி’ என்பது மூன்றாவது தடை. நிலத்தின் விலையை ஏற்றியது எது? மக்கள் வரிப்பணத்தில் போட்ட சாலை. மக்கள் வரிப்பணத்தில் விரிந்த வானூர்தி நிலையம். சாலை பொதுவுடைமை, சாலையால் ஏறிய விலை மட்டும் தனியுடைமை என்பது எந்த அறம்? அவ் ஏற்றத்தில் ஒரு பங்கை வரியாகத் தண்டினாலே ஏழைக்கு வீடு கட்டலாம். எலியார்பத்திச் சுங்கச்சாவடியில் ஐம்பதின்மரைச் சுமக்கும் பேருந்தும் சுங்கம் கட்டுகின்றது. சாலையோரத்து நிலத்தை வாங்கி வைத்துக் காத்திருப்பவனோ ஒரு காசும் கட்டுவதில்லை!

இனித் தொடர்வண்டி. மதுரையிலிருந்து காரியாபட்டி, அருப்புக்கோட்டை வழியாகத் தூத்துக்குடிக்கு 143.5 கிலோமீட்டர்ப் புதுத்தடம் 2011–12 நிதிநிலை அறிக்கையில் ஒப்புதல் பெற்றது. தூத்துக்குடியை அடுத்த மீளவிட்டானுக்கும் மேல்மருதூருக்கும் இடையே ஏறத்தாழ பதினெட்டுக் கிலோமீட்டர் முடிந்தது. காரியாபட்டிக்குத் தண்டவாளம் வரவில்லை. 2025-ஆம் ஆண்டின் தொடக்கத்தில் நடுவணரசின் தொடர்வண்டித்துறை அமைச்சர், இத் தடத்தை வேண்டாவெனத் தமிழக அரசே கூறியதாகச் சென்னையில் சொன்னார். தமிழக அரசு மறுத்தது. பின்னர், தனுசுக்கோடித் தடத்தைப் பற்றிய கேள்வியென்று இரைச்சலில் மாறிக் கேட்டுவிட்டதாக விளக்கம் வந்தது! தென்மாவட்ட மக்கள் ஒரு தலைமுறையாகக் காத்திருக்கும் தடம், தில்லியின் காதில் எந்தத் தடமென்றே விளங்காமற் போயிற்று. நிலமும் ஊரமைப்பும் மாநிலத்தின் கையில், தண்டவாளம் நடுவணரசின் கையில் என்று பிரிந்திருக்கும்வரை இத்தகைய கேலிக்கூத்துகள் நிகழவே செய்யும். எனினும், நம் கையில் உள்ளதை நாம் செய்தோமா என்பதும் கேட்கத்தக்கதே. தடம் வருமுன்னரே, நிலையம் அமையுமிடத்தைச் சுற்றிய நிலத்தை அரசு பொதுவில் வைத்துக்கொள்ளாவிடின், முதல் வண்டி வந்து நிற்கும் நாளில் அங்கு ஏழைக்கு ஒரு கையகல நிலமும் எஞ்சாது.

எனவே, நம் கோரிக்கைகளைத் தெளிவாக முன்வைக்கின்றோம்:

ஒன்று: பேருந்து நிலையத்திலிருந்தும் தொடர்வண்டி நிலையத்திலிருந்தும் எண்ணூறு மீட்டருக்குள் உள்ள அரசு நிலத்தைத் தனியார்க்கு விற்றலோ நெடுங்காலக் குத்தகைக்கு விடுதலோ கூடாது. அங்கே உழைப்பாளர்க்குக் குடிக்கூலி வீடுகள் கட்டப்பெற வேண்டும். குடிக்கூலி, குடும்ப வருவாயில் நான்கில் ஒரு பங்கை மிஞ்சலாகாது. ஒதுக்கீட்டில் சாதி பார்த்தல் கூடாது.

இரண்டு: ஊர் எல்லைக்கு வெளியே உழவு நிலத்தை மனையாக்க இசைவு தருமுன், அங்கிருந்து பள்ளிக்கும் மருத்துவமனைக்கும் பேருந்து நிறுத்தத்திற்கும் உள்ள நடைத்தொலைவைக் கணக்கிட வேண்டும். நடந்தடைய முடியாத இடத்தில் மனைப்பிரிவுக்கு ஒப்புதல் கூடாது.

மூன்று: எவரையும் பெயர்த்துத் தொலைவில் குடியேற்றும் வழக்கம் ஒழிய வேண்டும். வெள்ள இடர் முதலிய தவிர்க்கவியலாக் கரணியத்தால் பெயர்க்க நேரின், வேலையிடத்திலிருந்து ஐந்து கிலோமீட்டருக்குள் மாற்றிடம் தருதல் வேண்டும்.

நான்கு: 2021-இல் நகரப் பேருந்துகளில் தொடங்கிய மகளிர் கட்டணமில்லாப் பயணம் பெண்களுக்குப் பெருந்துணையாயிற்று. காரியாபட்டி போன்ற பேரூர்களிலிருந்து மதுரைக்கும் விருதுநகருக்கும் விடியலிலும் இரவிலும் வேலைநேரத்திற்கு ஒத்த பேருந்துகள் மிகுதியாக ஓட வேண்டும். பேருந்தில்லாக் கட்டணச் சலுகை, நீரில்லாக் கிணற்றுக்குக் கயிறு கொடுத்ததாகும்.

ஐந்து: மதுரையே எல்லாவற்றையும் விழுங்காதவாறு, வட்டத் தலைமையிடங்களில் தொழிலும் உயர்கல்வியும் மருத்துவமும் அமைய வேண்டும். ஊரைவிட்டு ஓடவேண்டாத நிலையே புகையில்லாப் போக்குவரத்துகளுள் தலைசிறந்தது.

தமிழுணர்வாளர்களே! மொழியைக் காப்பது என்பது மொழி பேசும் மக்கள் மண்ணில் நிலைத்து வாழ்வதைக் காப்பதே. வைகறையில் புறப்பட்டு இருளில் திரும்பும் தந்தையிடம் பிள்ளை எப்போது பேசும்? உறங்கிக்கொண்டிருக்கும் முகத்தையே காணும் தந்தையிடமிருந்து எந்தச் சொல்லைக் கற்கும்? தொலைவு எரிப்பது கன்னெயை மட்டுமன்று. குடும்பத்தின் உரையாடலையும் எரிக்கின்றது. நும் ஊரில் நகராட்சியோ பேரூராட்சியோ மன்றத் தீர்மானம் கொணரும்போது, நும் ஊர் நிலத்தில் மனைக்கற்கள் நடப்பெறும்போது, நும் வாயிலுக்கு வாக்குக் கேட்டு வேட்பாளர் வரும்போது, இவ் ஒரு கேள்வியைத் தவறாது கேளுங்கள்: ‘இங்கிருந்து வேலைக்கு நடந்து போக முடியுமா?’ மறுமொழி சொல்ல இயலாதவர்க்குப் புகையைப் பற்றி நம்மிடம் பேச உரிமையில்லை. மறுமொழி சொல்லும் வரையில், அவரை நாம் விடுவதாகவும் இல்லை.